சுட்டவர்கள் பாடும் மேடை



இம்மாத உரையில் அமெரிக்க வரலாற்றின் இருண்ட பக்கம் ஒன்றையும், அதைக் கருவாகக் கொண்டு எழுந்த இசை நாடகம் ஒன்றையும் பற்றிப் பேச விரும்புகிறேன். நாடகத்தின் பெயர் 'அசாசின்ஸ்'. 'கொலையாளிகள்' என்று தமிழில் சொன்னால் பொருள் முழுதாக வராது. தலைவர்களைக் குறிவைத்துக் கொல்பவர்களையே அந்த ஆங்கிலச் சொல் குறிக்கும். அமெரிக்க ஜனாதிபதிகளைச் சுட்ட, அல்லது கொல்ல முயன்ற ஒன்பது பேர்தான் இதன் பிரதான பாத்திரங்கள். அவர்கள் மேடைக்கு வந்து பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், பகிடி விடுகிறார்கள். சபையும் சிரிக்கிறது, கை தட்டுகிறது.

பதவியில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதிகள் நால்வர். 1865இல் லிங்கன், 1881இல் கார்பீல்ட், 1901இல் மக்கின்லி, 1963இல் கென்னடி. நூறு ஆண்டுகளுக்குள் நால்வர். உயிர் தப்பியவர்களின் கணக்கு வேறு. இப்படிப்பட்ட கதைகளைப் பாட்டும் கூத்துமாக்கலாமா என்பது நியாயமான கேள்விதான். இந்த நாடகத்தைப் பற்றி எங்கள் நிகழ்ச்சியில் ஒருமுறை இரண்டு நிமிடம் சொன்னபோது, வயதான நேயர் ஒருவர் தொலைபேசியில் வந்து, "தம்பி, சுட்டவனை மேடையில ஏத்திப் பாட விடுறது சரியே? செத்தவையின்ர பிள்ளையள் கேட்டால் என்ன நினைப்பினம்?" என்றார். அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த உரை அவருக்கும் சேர்த்துத்தான்.

மறுபக்கத்தில், இந்த நாடகத்துக்கு உலகெங்கும் உயிரையே விடும் இரசிகர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். அக்காவின் மகள் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், அவளும் தோழிகளும் இதன் இறுவட்டைத் தேயத் தேயப் போட்டுக் கேட்டார்கள். எந்த மேடையேற்றத்தில் எந்த நடிகர் திறம் என்று இரவிரவாக வாதாடுவார்கள். கொலைகாரர் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "மாமா, பாட்டு நல்லாயிருக்கு எண்டு தலையாட்டிக்கொண்டிருக்கேக்க, என்னத்துக்குத் தலையாட்டுறன் எண்டு திடீரெண்டு விளங்கும். அந்த இடம்தான் எனக்குப் பிடிக்கும்" என்றாள். இந்த நாடகத்தைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடச் சுருக்கமானது வேறில்லை.

நாடகம் பிறந்த கதை

இசையும் பாடல்களும் ஸ்டீவன் சொண்ட்ஹைம். வசனமும் கதையமைப்பும் ஜோன் வைட்மன். இருவரும் 1976இல் 'பசிபிக் ஓவர்ச்சர்ஸ்' என்ற நாடகத்தில் ஏற்கனவே ஒன்றாக வேலை செய்தவர்கள். ஜப்பானின் கதவை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் தட்டித் திறந்த வரலாறு அது. ஆகவே வரலாற்றை மேடையில் பேசவைப்பது இருவருக்கும் பழகிய வேலை. 'அசாசின்ஸ்' நாடகத்தின் மூல எண்ணம் சார்ள்ஸ் கில்பர்ட் என்பவருடையது. அவர் எழுதியிருந்த பிரதியைப் படித்த சொண்ட்ஹைமுக்கு அந்த எண்ணம் மனதில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் அனுமதி கேட்டுப் பெற்று, வைட்மனுடன் சேர்ந்து தம் வழியில் புதிதாக எழுதினார்.

1990 டிசெம்பரில் நியூயோர்க்கில் 'பிளேரைட்ஸ் ஹொரைசன்ஸ்' என்ற சிறிய அரங்கில் முன்காட்சிகள் தொடங்கின. 1991 ஜனவரி 17ஆம் திகதி வளைகுடாப் போர் வெடித்தது. வீட்டுக்கு வீடு கொடி பறந்துகொண்டிருந்த அந்த வாரங்களில்தான் நாடகம் முறைப்படி திறக்கப்பட்டது. ஜனாதிபதியைச் சுடுகிறவர்களின் பாட்டைக் கேட்க நாடு ஆயத்தமாக இருக்கவில்லை. விமர்சனங்களும் பெரும்பாலும் சாதகமாக இல்லை. பெப்ரவரி 16ஆம் திகதி, முன்காட்சிகளோடு சேர்த்து 73 அளிக்கைகளுடன் திரை விழுந்தது. ஆனால் முழு இசைக்குழுவோடு பதிவு செய்த இறுவட்டு வெளிவந்தது. மேடையில் பார்த்தவர்களை விடப் பல மடங்கு பேர் அதைக் கேட்டார்கள். கல்லூரிகளும் சிறு குழுக்களும் மேடையேற்றத் தொடங்கின. நானும் முதன்முதலில் பார்த்தது மாணவர்களின் அளிக்கை ஒன்றைத்தான்.

திரை விலகும்போது தெரிவது ஒரு களியாட்ட விழா. துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட்டுப் பரிசு வெல்லும் கடை. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களிலும் பலூனைச் சுடும் கடை இருக்கும் அல்லவா, அது மாதிரி. கடைக்காரன் வருவோர் போவோரைக் கூவி அழைக்கிறான். மனம் சோர்ந்தவர், வேலையற்றவர், காதல் கைகூடாதவர், வயிற்று நோவுக்காரர் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். கடைக்காரன் ஆளுக்கொரு துப்பாக்கியைக் கொடுக்கிறான். ஜனாதிபதிகள்தான் இலக்கு. அமெரிக்க ஜனாதிபதி வரும்போது வாசிக்கப்படும் மரியாதை இசையை இந்தக் கடையின் பின்னணியில் இராட்டினத்துக்கு ஏற்ற தாளத்தில் சுழலவிட்டிருக்கிறார் சொண்ட்ஹைம். நாடகத்தின் குணம் அந்த ஒரு தந்திரத்திலேயே தெரிந்துவிடும்.

கதை சொல்ல ஒரு பாடகன் வருகிறான். எங்கள் கூத்தில் கட்டியகாரன், பிற்கால ஈழத்து நாடகங்களில் எடுத்துரைஞர் செய்யும் வேலை அவனுடையது. அந்தந்தக் காலத்து அமெரிக்க இசையிலேயே அந்தந்தக் கதை வரும். லிங்கன் காலத்துக்கு நாட்டார் பாடல், 1933ஆம் ஆண்டுக் கதைக்கு அணிநடை வாத்தியம், 1970களுக்கு வானொலியில் கேட்கும் மென்மையான காதல் பாட்டு. மெட்டுகள் எல்லாம் நாட்டுக்குப் பிரியமானவை. அவற்றில் ஏறிவருகிற சங்கதிதான் வேறு.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று

நாடகம் சொல்வதை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். சுட்ட ஒவ்வொருவனும் எதையோ ஒன்றை எதிர்பார்த்தே சுட்டான். கிடைத்தது என்ன?

முதல்வன் ஜோன் வில்க்ஸ் பூத். புகழ்பெற்ற நடிகர் குடும்பத்தில் பிறந்தவன், தானும் நடிகன். 1864 நொவெம்பரில் நியூயோர்க்கில் அண்ணன்மார் இருவரோடு சேர்ந்து சேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் நடித்தான். சீசரைக் குத்தும் புரூட்டஸ் வேடம் மூத்தவர்களில் பேர்போன எட்வினுக்குப் போயிற்று. இவனுக்குக் கிடைத்தது மார்க் அன்ரனி. ஐந்து மாதம் கழித்து, 1865 ஏப்ரல் 14ஆம் திகதி இரவு, வோஷிங்டனின் போர்ட் அரங்கில் நகைச்சுவை நாடகம் ஒன்றில் சபை சிரிக்கும் வேளை பார்த்து லிங்கனின் தலையில் சுட்டான். தன்னைக் கொடுங்கோலனைக் கொன்ற வீரனாக நாடு போற்றும் என்று நினைத்தான். ஒளிந்தோடிய நாட்களில் எழுதிய குறிப்பில், புரூட்டஸுக்குப் பெருமை தந்த செயலுக்குத் தன்னைத் துரத்துகிறார்களே என்று புலம்பினான். 12 நாட்களில் ஒரு களஞ்சியக் கொட்டிலில் சுடப்பட்டு இறந்தான். வயது 26.

கொலைக்கு மூன்று நாள் முன் லிங்கன் ஆற்றிய உரையில், கறுப்பின மக்களில் ஒரு பகுதியினருக்கேனும் வாக்குரிமை கிடைப்பதைத் தாம் விரும்புவதாகச் சொன்னார். கூட்டத்தில் நின்று அதைக் கேட்ட பூத், இதுவே இவரது கடைசிப் பேச்சு என்று கறுவினான். லிங்கனின் இடத்துக்கு வந்த அன்ட்ரூ ஜோன்சன், விடுதலை பெற்ற மக்களின் உரிமைகளுக்குத் தடையாகவே நின்றார். எனவே, கொலையால் ஒன்றும் மாறாது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள வரலாறு இடம் தருவதில்லை. பூத் தேடிய பெருமை அவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் வெறுத்த மக்களுக்கு அவனால் வந்த துன்பம் மட்டும் உண்மையானது.

இரண்டாமவன் சார்ள்ஸ் கிட்டோ. தேர்தலில் கார்பீல்டுக்காகப் பேசியவன் என்ற உரிமையில் பாரிஸில் அமெரிக்கத் துணைத்தூதர் பதவி தனக்கே சேரவேண்டும் என்று எண்ணினான். கிடைக்கவில்லை. துப்பாக்கி வாங்கும்போதே, பின்னாளில் அருங்காட்சியகத்தில் வைத்தால் எது அழகாக இருக்கும் என்று யோசித்தவன் இவன். 1881 ஜூலை 2ஆம் திகதி வோஷிங்டன் ரயில் நிலையத்தில் சுட்டான். கார்பீல்ட் உடனே இறக்கவில்லை. கழுவாத விரல்களையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டு வைத்தியர்கள் குண்டைத் தேடினார்கள். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் உலோகத்தைக் கண்டறியும் கருவியோடு வந்தும் பயனில்லை. காயம் சீழ்கட்டி, 79 நாள் துன்பப்பட்டு, செப்டெம்பர் 19ஆம் திகதி இறந்தார். தான் சுட்டது மட்டும்தான், கொன்றது வைத்தியர்கள் என்று கிட்டோ நீதிமன்றத்தில் வாதாடினான். 1882 ஜூன் 30ஆம் திகதி தூக்குமேடையில் தானே எழுதிய பாட்டு ஒன்றை ஒப்புவித்த பின்பே தொங்கினான். நாடகத்தில் அவன் ஆடிக்கொண்டே தூக்குமேடைப் படிகளில் ஏறுகிறான். சபை சிரிக்கும், பிறகு சிரிப்பு தொண்டையில் நிற்கும். அந்தப் பாட்டில் கிட்டோவின் சொந்த வரிகளும் கலந்திருக்கின்றன.

அவன் கேட்டது சிபாரிசில் ஒரு பதவி. 1883 ஜனவரியில் நாடு இயற்றிய பென்டில்டன் சட்டமோ, சிபாரிசுக்குப் பதில் தகுதியும் பரீட்சையும் பார்த்து அரச உத்தியோகம் கொடுக்கும் முறையைத் தொடக்கிவைத்தது.

குடியேறிகளின் கதை

அடுத்த இருவரின் கதையும் எங்களைப் போன்ற குடியேறிகளுக்குச் சற்று நெருக்கமானது.

லியோன் சோல்கோஷ் போலந்திலிருந்து வந்த பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவன். கிளீவ்லாந்தில் கம்பித் தொழிற்சாலைத் தொழிலாளி. அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதக் கொள்கையில் ஈடுபட்டு, எம்மா கோல்ட்மனின் பேச்சைக் கேட்டவன். 1901 செப்டெம்பர் 6ஆம் திகதி பஃபலோ நகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஜனாதிபதி மக்கின்லி பொதுமக்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். வலது கையில் கைக்குட்டையைச் சுற்றி, அதற்குள் துப்பாக்கியை மறைத்து, வரிசையில் நின்றான் சோல்கோஷ். எட்டு நாளில் மக்கின்லி இறந்தார். ஒக்டோபர் 29ஆம் திகதி இவன் மின்கதிரையில் இறந்தான்.

நாடகத்தில் துப்பாக்கியைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. இச்சிறு கருவியைச் செய்யச் சுரங்கத்திலும் உருக்காலையிலும் எத்தனை உயிர்கள் தேய்கின்றன என்று சோல்கோஷ் அதில் எண்ணிப் பார்க்கிறான். மற்றக் கொலையாளிகளும் சேர்ந்து அழகான இசைவோடு பாடுவார்கள். ஒரு விரலை அசைத்தால் உலகமே மாறும் என்ற மயக்கம் எவ்வளவு இனிமையாகக் கேட்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ரொறன்ரோவில் இருக்கும் நேயர்களுக்கு பஃபலோ தூரமில்லை. எல்லையில் காத்திருக்கும் நேரத்தை விட்டால் இரண்டு மணி நேரப் பயணம். நயாகராவுக்கு உறவினரைக் கூட்டிப்போய்த் திரும்பிய ஒரு கோடையில், மக்கின்லி சுடப்பட்ட இடத்தைத் தேடிப் போனேன். பொருட்காட்சிக் கட்டடங்களில் பெரும்பாலானவை அன்றே இடிக்கப்பட்டுவிட்டன. இப்போது அது வீடுகள் நிறைந்த அமைதியான தெரு. நடுவே புல்தரையில் ஒரு கல், அதில் ஒரு செப்புத்தகடு. நாயோடு நடந்துவந்த ஒருவர் என்னையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனார். வேறு யாரும் நின்று பார்க்கவில்லை.

அந்தத் தகட்டில் காணாத மனிதர் ஒருவரை உங்களுக்குச் சொல்லவேண்டும். வரிசையில் சோல்கோஷுக்குப் பின்னால் நின்றவர் ஜேம்ஸ் பார்க்கர் என்ற கறுப்பினத்தவர். குண்டு வெடித்ததும் பாய்ந்து கொலையாளியை அடித்து வீழ்த்தியவர்களில் அவர் ஒருவர். சில நாள் நாடே அவரைப் பாராட்டியது. வழக்கு வந்தபோது சாட்சியாகக் கூட அவரை அழைக்கவில்லை.

சோல்கோஷ் தொழிலாளருக்காகச் சுட்டதாகச் சொன்னான். அதன் பலனாக 1903ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் அராஜகவாதிகள் நாட்டுக்குள் வருவதைத் தடை செய்தது. வந்திறங்குபவரின் அரசியல் கொள்கையைக் கேட்டுக் கதவடைக்கும் வழக்கம் இப்படித்தான் அங்கே வேரூன்றியது. துறைமுகத்தில் நின்று பதில் சொன்னவர்கள் ஏழைத் தொழிலாளிகளே.

ஜுசெப்பே ஸங்காரா இத்தாலியிலிருந்து 1923இல் வந்த கொத்தன். ஐந்தடி உயரம். தீராத வயிற்று நோ. தன் நோவுக்கு முதலாளிகளும் ஆளுவோருமே காரணம் என்று முடிவு கட்டினான். 1933 பெப்ரவரி 15ஆம் திகதி மயாமி பூங்காவில், பதவியேற்க இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்து ஆடுகிற கதிரை ஒன்றில் ஏறி நின்று சுட்டான். ரூஸ்வெல்ட்டுக்குப் படவில்லை. ஐந்து பேர் காயமடைந்தார்கள். அவர்களில் ஒருவர் சிக்காகோ மேயர் அன்டன் செர்மாக். மார்ச் 6ஆம் திகதி அவர் இறந்தார். மார்ச் 20ஆம் திகதி ஸங்காரா மின்கதிரையில் இருத்தப்பட்டான். சுட்டதற்கும் தண்டனைக்கும் இடையே 33 நாள்தான். படம் பிடிக்க ஒருவரும் வரவில்லையே என்பதே அவனுடைய கடைசி மனக்குறைகளில் ஒன்று.

செர்மாக் யார்? பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில் பிறந்து, குழந்தையாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர். அவரும் குடியேறிதான். நாட்டின் தலைவனைக் கொல்லப் போன ஏழைக் குடியேறி, இன்னொரு குடியேறியைக் கொன்றுவிட்டு இறந்தான். நாடகத்தில் செர்மாக் பெரிதாக வருவதில்லை. அந்தக் காட்சியில் பாடுபவர்கள், ரூஸ்வெல்ட்டைக் காப்பாற்றியது நானே என்று பெருமையடிக்கும் வேடிக்கை மனிதர்கள்.

1970களும் பிறகும்

சாமுவேல் பிக் தொழில் இழந்த டயர் விற்பனையாளன். நத்தார் தாத்தா உடையில் வெள்ளை மாளிகை முன் ஆர்ப்பாட்டம் செய்தவன். பிரபலமானவர்களுக்கு ஒலிநாடாவில் பேசிப் பேசி அனுப்பினான். மேடையில் அவன் சிவப்பு உடையோடு காரில் இருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு கத்தும்போது சபை விழுந்து விழுந்து சிரிக்கும். உண்மையில் நடந்தது என்ன? 1974 பெப்ரவரி 22ஆம் திகதி, பால்டிமோர் விமான நிலையத்தில் ஒரு காவலரைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் பயணிகள் விமானத்துக்குள் ஏறினான். அதை வெள்ளை மாளிகைமீது மோதி நிக்சனைக் கொல்வதுதான் திட்டம். துணை விமானியும் கொல்லப்பட்டார். விமானம் தரையை விட்டு எழவே இல்லை. பொலிஸார் சுட்டதில் காயமடைந்து, தன்னைத் தானே சுட்டு இறந்தான்.

1975 செப்டெம்பரில் ஜனாதிபதி போர்ட்மீது 17 நாள் இடைவெளியில் இருமுறை குறி வைக்கப்பட்டது. இரண்டிலும் துப்பாக்கி பிடித்தவர் பெண். சார்ள்ஸ் மான்சனின் சீடரான லினெட் புரோமி, அடுத்தவர் சாரா ஜேன் மூர். நாடகம் இவர்கள் இருவரையும் சேர்த்து வைத்து நகைச்சுவை செய்கிறது. மூரின் கையைப் பிடித்து இழுத்தவர் ஒலிவர் சிப்பிள் என்ற முன்னாள் படைவீரர். 1981 மார்ச் 30ஆம் திகதி ஜோன் ஹிங்க்லி ரேகனைச் சுட்டதில் நால்வர் காயமடைந்தார்கள். பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி தலையில் குண்டு பட்டு வாழ்நாள் முழுதும் அவதிப்பட்டார். 2014இல் அவர் இறந்தபோது, அது பழைய காயத்தால் வந்த கொலையே என்று மருத்துவ அதிகாரிகள் பதிந்தார்கள். சித்த சுவாதீனம் இல்லாதவன் என்று 1982இல் விடுவிக்கப்பட்டு மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்ட ஹிங்க்லி, 2022 ஜூனில் எல்லா நிபந்தனைகளிலிருந்தும் விடுபட்டான். மேடையில் அவனும் புரோமியும் பாடும் காதல் பாட்டு, யார் பாடுகிறார் என்று தெரியாமல் கேட்டால் கல்யாண வீட்டிலும் போடலாம்.

இந்த நாடகம் நியூயோர்க்கின் பிரதான அரங்கான புரோட்வேக்கு 2001இல் வருவதாக இருந்தது. செப்டெம்பர் 11 நடந்தது. விமானத்தை மோதச் சொல்லிச் சிரிக்க வைக்கும் பிக்கை அந்த நகரம் எப்படிப் பார்க்கும்? ஒத்திவைத்தார்கள். 2004 ஏப்ரல் 22ஆம் திகதி ஜோ மன்டெல்லோவின் நெறியாள்கையில் திறந்தபோது நிலைமை மாறியிருந்தது. 101 அளிக்கைகள், ஐந்து டோனி விருதுகள். பூத்தாக நடித்த மைக்கல் செர்வெரிஸும் விருது பெற்றார். 1991இல் கொழுப்பான பகிடி என்று தள்ளப்பட்ட அதே வசனங்கள், இப்போது எச்சரிக்கையாகக் கேட்டன. 2021 நொவெம்பரில் நியூயோர்க்கில் மீண்டும் மேடையேறி நடந்துகொண்டிருந்த வேளையில்தான், தமது 91ஆவது வயதில் சொண்ட்ஹைம் காலமானார்.

நாடகம் விட்டுவிட்டவை

இரசிகர்கள் கோபிக்கக்கூடாது. வரலாறு படிப்பவனுக்கு இந்த நாடகத்தின்மீது ஒரு குறையும் உண்டு. ஏமாற்றமே துப்பாக்கியைத் தூக்க வைக்கிறது என்பது இதன் வாதம். அமெரிக்காவில் எவரும் எதையும் அடையலாம் என்று சொல்லி வளர்க்கிறார்கள். அடையாதவன் தனக்கு வரவேண்டிய பரிசை யாரோ களவெடுத்துவிட்டதாக நினைக்கிறான். கிட்டோவுக்கும் பிக்கிற்கும் இது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் பூத் தனியாள் அல்ல. அவனோடு சதியில் சேர்ந்ததாகத் தீர்க்கப்பட்ட நால்வர் 1865 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட ஒரு சமூகமே இருந்தது. 1950 நொவெம்பர் 1ஆம் திகதி ட்ரூமனைக் கொல்லச் சென்ற ஒஸ்கார் கொலாசோவும் கிரிசெலியோ டொரெசொலாவும் போர்ட்டோ ரிக்கோவின் விடுதலை இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் இந்த மேடையில் இல்லை. களியாட்டக் கடைக்குள் அவர்களை நிறுத்தினால் வாதம் ஆட்டம் கண்டுவிடும். அரசியல் காரணத்தை எல்லாம் மனக்குறை என்று சுருக்கிவிடுவது சுலபம். அந்தச் சுலபத்தின் ஆபத்தை எங்களைப் போன்றவர்கள் அறிவோம்.

அப்படியானால் ஏன் இதை நான் மெச்சுகிறேன்? இரண்டு காரணம்.

ஒன்று, ஒவ்வொருவனும் தேடியது தனிப் பெயர். பூத்துக்குப் புரூட்டஸாக வேண்டும். கிட்டோவுக்கு அருங்காட்சியகம் வேண்டும். ஸங்காராவுக்குப் படம் வேண்டும். நாடகம் இவர்களுக்கு மேடை கொடுக்கிறதே என்று கோபப்படுவோர், அந்த மேடையில் அவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். எல்லோரும் ஒரே வரிசை, ஒரே கடை, ஒரே பாட்டு. கம்பீரமான பூத்துக்குப் பக்கத்தில் கோமாளி கிட்டோ. டல்லாஸ் காட்சியில், புத்தகக் களஞ்சியத்தின் ஆறாம் மாடியில் தன்னையே சுடவிருந்த ஒஸ்வால்ட்டின் முன் எல்லோரும் கூடி வந்து, நீ சுட்டால்தான் நாங்கள் நினைவில் இருப்போம் என்று கெஞ்சுகிறார்கள். இது முழுக்கக் கற்பனை. ஒஸ்வால்ட் இரண்டு நாளில் கொல்லப்பட்டதால் அவன் மனதை எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கெஞ்சலைக் கேட்ட பின் இவர்களில் ஒருவனையும் வீரனாக நினைக்க முடியாது.

இரண்டாவது, 1992இல் லண்டனில் சாம் மென்டெஸ் மேடையேற்றியபோது சேர்க்கப்பட்ட ஒரு பாட்டு. கென்னடி சுடப்பட்ட பின் வருகிறது. துணி மடிப்பவர், வயலில் நிற்பவர், வேலைக்குப் போகிறவர் போன்ற சாதாரண சனங்கள் பாடுகிறார்கள். செய்தி வந்த நேரம் நான் எங்கே நின்றேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே பாட்டு. அதுவரை கொலையாளிகளின் குரலையே கேட்டுவந்த காதுக்கு, அப்போதுதான் நாட்டின் குரல் கேட்கிறது. பண்டாரநாயக்கா சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்ட கதையை எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1959 செப்டெம்பர், 1991 மே, 1993 மே என்று எங்கள் மனதிலும் திகதிகள் இருக்கின்றன. அன்று எங்கே நின்றோம், யார் கதவைத் தட்டிச் சொன்னது, அடுத்து என்ன வரப்போகிறதோ என்று எப்படிப் பயந்தோம் என்பது ஒருவருக்கும் மறக்காது. அந்தப் பாட்டைக் கேட்க எங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

2024 ஜூலை 13ஆம் திகதி பென்சில்வேனியாவில் டொனால்ட் ட்ரம்ப் பேசிய கூட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. கேட்க வந்திருந்த ஒருவர் இறந்தார். கடை இன்னும் பூட்டப்படவில்லை.

ஆகவே, செத்தவர்களின் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். சுட்டவனின் பாட்டைக் கேட்பது பிழையல்ல. அதோடு நிறுத்திவிடுவதுதான் பிழை. இந்த நாடகத்தை நேசிக்கும் இளையவர்கள் பூத், கிட்டோ, சோல்கோஷ் என்று ஒன்பது பெயரையும் தலைகீழாகச் சொல்வார்கள். அவர்களிடம் ஜேம்ஸ் பார்க்கர் யார், அன்டன் செர்மாக் யார், ஒலிவர் சிப்பிள் யார், ஜேம்ஸ் பிரேடி யார் என்றும் கேளுங்கள். தெரியாவிட்டால் தேடுவார்கள். நாடகம் அவர்களுக்குக் கொடுத்த ஆவல் அதற்குப் போதும்.

பஃபலோப் பக்கம் போகும் நேயர்கள் அந்தத் தெருவுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். பத்து நிமிடம் போதும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கல்லில் இல்லாத பெயரை நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.